தேய்த்த டாலர்

"எந்த மடையன் இதைத் தேய்ச்சது?"

கடைக்காரர் ஓரெஸ்ட் போட்ட சத்தத்தில் டாரியா ஓரடி பின்வாங்கினாள். நல்லவேளை, நாணயக் கடையில் வேறு ஆள் இல்லை. மனிடோபா பனிக்கு யார் வெளியே வருவார்கள்?

அவர் உள்ளங்கையில், 1948-ஆம் வருடத்துக் கனடா வெள்ளி டாலர் கண்ணாடியாய் மின்னியது.

"நான்தான் அங்கிள். பேஸ்ட் போட்டு, பிரஷ்ஷால..."

"பல்லைத் தேய்க்க வேண்டியதுதானே! எண்பது பங்கு வெள்ளி, இருபது பங்கு செம்பு, அதெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா எழுபது வருஷமா தானா ஏறின கறுப்பு போச்சே! ஆயிரத்தைந்நூறு டாலருக்குப் போற காசு. இனி பாதிகூடத் தேறாது."

"விக்க வரல அங்கிள். மறுபடி கறுப்பாக்க முடியுமா? சனிக்கிழமை சங்கத்துல அப்பா இதைக் காட்டணும்."

டாரியாவின் அப்பா மைரன்தான் ஊர் நாணயச் சங்கத்துக்குத் தலைவர்.

"அவிச்ச முட்டையோட டப்பாவுல மூடி வச்சா கறுக்கும். ஆனா நம்ம சங்கத்து ஆளுங்களுக்குக் கழுகுக் கண்ணு. பாத்ததுமே சிரிச்சுடுவாங்க."

"சிரிக்கக் கூடாது அங்கிள்." அவள் குரல் உடைந்தது. "வேற வழியே இல்லையா?"

ஓரெஸ்ட் தணிந்தார். "அழாத கண்ணு. உன் பயம் புரியுது. போன வருஷம் ஒருத்தன் காசைச் சட்டையில துடைச்சான்னு கூட்டத்தை விட்டே விரட்டினவன் உங்கப்பன். வேணும்னா நான் வந்து பக்குவமாச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! அப்பாகிட்ட மட்டுமில்ல, யார்கிட்டயும் சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க!"

"சரி, சரி. வாயே திறக்கல. சின்னப் பொண்ணு, விவரம் தெரியாமச் செஞ்சுட்ட."

காசை வாங்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாரியா தெருவைக் கடந்து வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

பக்கத்து இருக்கையில் மைரன், மடியில் மறதிநோய் மருத்துவமனைக் கோப்பின்மேல் காசுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த காசை மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ஓரெஸ்ட் வாயைப் பொளந்துட்டானா?" என்று குழந்தையாய்ச் சிரித்தார். "இத்தனை வருஷமா எனக்கு ஏன் இந்த யோசனை வரல?"