தொடையில் கட்டிய நெறி

மலாயாவில் ஆயர் ஈத்தாம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அர்ச்சுனன் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் காலை இழுத்து நடப்பதைப் பார்த்த மனைவி அங்கம்மா, வேட்டியை விலக்கிப் பார்த்தாள். தொடை இடுக்கில் பெரிதாக நெறி கட்டியிருந்தது.

“இது பொம்பளைச் சீக்குதானே? சிங்கப்பூர் போனப்ப எவகிட்டய்யா போனே?”

அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆமா. புத்தி கெட்டுப்போச்சு.”

அவன் பாயைத் தூக்கி வாசலில் எறிந்தாள் அங்கம்மா. லயத்து வரிசைவீட்டுச் சனமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அதன்பிறகு அவள் அவனைத் தொடவேயில்லை.

அவனால் எழுந்து நடக்கவே முடியாமல் போனபோதுதான் ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் தமிழர். அவனைச் சோதித்துவிட்டு வெளியே வந்தார்.

“மலத்தோட ரத்தம் போறது ஒரு வருசமா இருக்காம். உனக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்கய்யா. இது பொம்பளைச் சீக்கு இல்லீங்களா?”

“இல்லம்மா, ஆசனவாயில புற்று. ஆரம்பத்திலேயே வந்திருந்தா, அதைச் சுத்தியிருக்கிற நெறிகளோட சேர்த்து வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப தொடை நெறி வரைக்கும் பரவிடுச்சு. இனிமே கத்தி வச்சுப் பிரயோசனமில்லை.”

அங்கம்மா கட்டிலருகே போய் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

“அந்தச் சிங்கப்பூர்க்காரி?”

“அப்படி யாருமில்லை.”

“பின்ன ஏன்யா ஆமான்னு சொன்னே?”

அர்ச்சுனன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பொம்பளைகிட்ட போனேன்னா, ஆம்பளைதானேன்னு ஊர் விட்டுடும். இந்த எடத்துல சீக்குன்னு எப்படி அங்கம்மா வாய்விட்டுச் சொல்றது?”