ஆர்விட் கிழித்த கூடாரம்

“உன் சுருட்டுப் பொகை என் வீட்டுப் பக்கம் வந்துச்சு, கூடாரத்தோட சேத்து உன்னையும் கிழிச்சிடுவேன்.”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஆர்விட் தினமும் இப்படிக் கத்துவது வெர்லினுக்குப் பழகிப்போயிருந்தது.

அமெரிக்காவின் வடக்கே, துலூத் நகரத்துப் பனியில் வெளியே நின்று சுருட்டுப் பிடிக்க முடியாது. வீட்டுக்குள் மனைவி விடமாட்டாள். அதனால், உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போடும் கூடாரத்தைக் கொல்லையில் அடித்து, உள்ளே காஸ் ஹீட்டர் வைத்திருந்தான்.

அன்று சுருட்டு பாதிகூட எரியவில்லை, தலை கனத்துக் கண் செருகியது. திடீரென்று துணியைக் கிழித்துக்கொண்டு மீன் வெட்டும் கத்தி உள்ளே வந்தது. பின்னாலேயே ஆர்விட்.

“கொல்லவே வந்துட்டியாடா?”

வெர்லின் தள்ளாடி எழுந்து, கனத்த கண்ணாடி ஆஷ்ட்ரேயால் அவன் வாயில் ஓங்கி அடித்தான். பல் தெறித்தது. ஆர்விட் விடவில்லை. ரத்தம் ஒழுக ஒழுக வெர்லினின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் பனியில் தள்ளினான்.

வெர்லின் வாந்தியெடுத்தான்.

“அதான் உன் தொல்லை தாங்காம, காத்து போற ஓட்டையெல்லாம் இன்னிக்கு டேப் போட்டு அடைச்சிட்டேனே. இன்னும் என்னடா வேணும் உனக்கு?”

ஆர்விட் ரத்தத்தைத் துப்பினான்.

“உள்ள ஹீட்டர் எரியுது, வெளிய பொகையைக் காணோம். காத்துப் போக வழியில்லாம அடைச்ச எடத்துல அந்த ஹீட்டர் விஷவாயு ஆளையே கொன்னுடும். அதான்டா கத்தியத் தூக்கிட்டு ஓடி வந்தேன்.”