ஆடித் தள்ளுபடியில் ஒரு கரடி

"அண்ணே, அம்மாவுக்கு நேத்துலேருந்து மூச்சு வாங்குது. நத்தத்துல ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். இன்னைக்கு ஒத்திகைக்கு வர ஏலாதுண்ணே."

"அம்மாவ மொதல்ல பாரு பொன்னழகு. எனக்கும் இன்னைக்கு ஒரு சோலி கெடக்கு, ஒத்திகை வேணாம்னு சொல்லத்தான் இருந்தேன்," என்றார் போனில் பிராங்கிளின். "எதுனாலும் கூப்புடு, ஓடி வாரேன்."

போனை வைத்துவிட்டு, கரடிக் காலுக்குள் தன் காலை நுழைத்தான் பொன்னழகு. அம்மா வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இவன் நின்றதோ திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் பின்புறச் சந்தில்.

கல்யாண வாசல்களில் பொம்மை வேஷம் போட்டு ஆடுவது பொன்னழகு இருக்கும் பிராங்கிளின் செட்டின் பிழைப்பு. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் ஏது? ஆனால் ஜவுளிக்கடைகளுக்கு ஆடியில்தான் கூட்டம். தள்ளுபடிக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைக்க ஆள் வேண்டுமென்று அதே தொழில் செய்யும் அக்பர் அலி செட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மகள் ஜீவிதாவைக் காலேஜில் சேர்த்தாக வேண்டும். பொன்னழகு சரியென்று தலையாட்டிவிட்டான்.

பிராங்கிளின் செட்டில் ஒரே கட்டுப்பாடுதான். அடுத்த செட்டுக்கு ஆடக் கூடாது, தெரிந்தால் அன்றோடு வெளியே. அதற்கு ஈடாக, வேலையில்லாத ஆடியிலும் செட்டிலுள்ள ஐந்து பேர் வீட்டுக்கும் அவரே பைக்கில் அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்குவார். அவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் பொன்னழகு இன்று கிளம்பி வந்திருந்தான்.

வாசலுக்குப் போனபோது அவனோடு ஜோடியாக ஆட வேண்டிய யானை முழு வேஷத்தில் வந்து நின்றது. பொம்மை வாய் திறக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். இருவரும் கையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். ஒரு சுட்டிப்பயல் கரடியின் வாலைப் பிடித்துத் தொங்கியபோது, யானைதான் குறுக்கே வந்து அவனைத் தூக்கி விளையாட்டுக் காட்டியது. நல்ல ஆள்தான் என்று நினைத்துக்கொண்டான் பொன்னழகு.

மத்தியானம் குடோனில் செத்த நேரம் ஓய்வு. பொன்னழகு கரடித் தலையைக் கழற்றி வியர்வையை வழித்தான். யானை ஓரடி பின்வாங்கி நின்றது.

"தலையக் கழட்டுண்ணே. இந்த வெக்கையில அவிஞ்சு போயிருவ."

யானை மாட்டேன் என்று தலையாட்டியது.

"உங்கிட்டயாச்சும் சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்ணே," என்று துணி மூட்டையில் உட்கார்ந்தான் பொன்னழகு. "நான் பிராங்கிளின் அண்ணன் செட்டு. நல்லா இருக்குற அம்மாவ ஆஸ்பத்திரியில கெடக்குறதாப் பொய் சொல்லிட்டு வந்து ஆடுறேன். அந்த மனுசன் நம்பி, 'ஓடி வாரேன்'ங்கிறாரு. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டேன்ணே."

யானையின் வயிறு ஏறி இறங்கியது.

வெட்கம் பொன்னழகைப் பிடுங்கித் தின்றது. "சாயங்காலம் நேரா அவரு வீட்டுக்குப் போயி உண்மையச் சொல்லிரப் போறேன். செட்ட விட்டுத் தூக்குனாலும் தூக்கட்டும். அவரு மூஞ்சியில எப்புடி முழிக்கப் போறேன்னுதான் தெரியல."

யானை மெல்லக் கிட்டே வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. பஞ்சுக் கை அவன் தோளைப் பற்றியது. தலைக்குள்ளிருந்து, அவன் காலையில் போனில் கேட்ட அதே குரல் வந்தது.

"நாலு வருசமா ஆடிக்கு ஆடி நானும் இங்கதான் ஆடுறேன் பொன்னழகு... நம்ம செட்டுப் பயலுகளுக்குத் தெரிய வேணாம்."