ஒரு சாண் தூரம்
மூன்றாவது மாடி பால்கனிக்கு வெளியே, கீழ்வீட்டு சன்ஷேடின் மேல் ஏசி மெக்கானிக் நிற்கிறார். சுவரில் அடித்த இரும்புத் தாங்கியில் வெளி யூனிட் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, பால்கனிக் கம்பியில் காலை முட்டுக்கொடுத்து, என் பக்கத்தில் அவருடைய மச்சான். மத்தியான வெயில் வெள்ளைத் தகட்டில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோதுதான் தெரிகிறது: மெக்கானிக் இடுப்பில் கட்டிய பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியும் அதே தாங்கியில்தான் மாட்டியிருக்கிறது. தாங்கியின் மேல் போல்ட்டைச் சுற்றி சிமெண்டுத் தூள் சத்தமில்லாமல் உதிர்கிறது. கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார். "அண்ணே," என்கிறேன், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல. "மேல் போல்ட் பிடுங்கிக்கிட்டு வருது. உங்க கொக்கியும் அதுலதான் இருக்கு." அவர் திரும்பவில்லை. இரண்டு கைகளும் யூனிட்டை அடியிலிருந்து தாங்கிப் பிடித்திருக்கின்றன. "மச்சான், கயித்த விட்டுடாத." "என்னைக்குத்தான் விட்டேன்? நீதான் கண்ட இடத்துல மாட்டுற," என்று பல்லைக் கடிக்கிறார் மச்சான். மெக்கானிக்கின் குரல் இப்போது என் பக்கம் வருகிறது. "அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் கை ஒழியல. நீங்கதான் கொக்கியக் கழட்டி பால்கனிக் கம்பில மாட்டணும்." கீழே தெருவில் யாரோ சிரித்துக்கொண்டே போகிறார்கள். கம்பிக்கு வெளியே கையை நீட்டுகிறேன். வெயிலில் காய்ந்த கொக்கி சுடுகிறது. கட்டைவிரலால் அழுத்தியதும் வாயைத் திறக்கிறது. தாங்கிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணுக்கு அவரைப் பிடித்திருப்பது, வியர்த்து வழுக்கும் என் கை மட்டும்தான்.