சிவப்பு வலது, மஞ்சள் இடது

“அக்கா, இதுல என்னோட இடது கை எது? சொல்லுங்க பாப்போம்.”

கட்டிலில் மல்லாந்து படுத்தபடி இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினார் ஸ்கேல் சார். ஈசிஜி அறையின் சீனியர் டெக்னீஷியன். காகிதத்தில் இருக்கும் கட்டங்களை எல்லோரும் கண்ணால் எண்ணினால், இவர் மட்டும் குட்டி ஸ்கேல் வைத்து அளப்பார். அதனால் அந்தப் பெயர். வயது முப்பத்து நான்கு. பயிற்சிக்கு வந்திருந்த டெய்லரக்காவுக்கு நாற்பத்தொன்று. வாய் நிறைய அக்கா என்பாரே தவிர, மார்க் போடும்போது உறவெல்லாம் பார்க்க மாட்டார்.

டெய்லரக்கா அவருடைய இடது கையைத் தொட்டுக் காட்டினாள்.

“தெரியுதுல்ல? அப்புறம் ஏன் ரெண்டு தடவையும் மாத்தி மாட்டுனீங்க?”

அன்று அவளுக்குக் கடைசித் தேர்வு. ஒரு ஆளைப் படுக்க வைத்து, வயர்களை மாட்டி, பிழையில்லாமல் ஒரு ஈசிஜி எடுத்துக் காட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. இரண்டு போய்விட்டது. இரண்டு முறையும் முதல் வரி தலைகீழாகவே வந்து தொலைத்தது. சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை என்பது முதல் நாள் பாடம். அதை மாற்றி மாட்டினால்தான் அப்படி வரும்.

ஆனால் அவள் மாற்றி மாட்டவில்லை. பன்னிரண்டு வருஷம் சட்டை தைத்தவள். எதிரே நிற்பவருக்கு எது இடது, எது வலது என்று ஒரு நாளும் அவள் தடுமாறியதில்லை. ஒரு சட்டையிலாவது பை இடம் மாறியிருக்குமா?

தோற்றால் ஒரு வருஷப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாஸ் ஆகிவிடுவோம் என்ற தைரியத்தில் தையல் மெஷினை வேறு போன வாரமே நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாள். தினமும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு ஒப்பிக்க வைத்த பத்தாம் வகுப்பு மகள், எங்கம்மா இனி ஆஸ்பத்திரி ஸ்டாஃப் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

வழக்கமாகத் தேர்வுக்குப் படுப்பவர் லிஃப்ட்காரர். ஜெல் சில்லென்று இருக்கிறது, கூச்சமாக இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்து நழுவிவிட்டார். வேறு ஆள் கிடைக்காமல் ஸ்கேல் சாரே சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். ஊர் நெஞ்சையெல்லாம் பார்த்தவர், அந்தக் கட்டிலில் படுப்பது அதுதான் முதல் தடவை. தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டதில்லை என்பது அவருடைய பெருமை.

அவரிடம் இரக்கம் எதிர்பார்க்க முடியாது என்பதும் டெய்லரக்காவுக்குத் தெரியும். கீழே மருந்தகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவியே சிரித்துக்கொண்டு சொல்வாள்: கல்யாணமாகி மூன்று வருஷமாச்சு, காதை வைத்துக்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டேன், அந்த மனுஷனுக்கு இதயமே கிடையாது.

டெய்லரக்கா தொண்டையைச் செருமினாள்.

“சார், கை வயர் மாறினா மேல் வரிங்கதானே மாறும்? நெஞ்சுல வச்ச ஆறும் அது பாட்டுக்குச் சரியா வரணும். இங்க அதுவும் போகப் போகச் சின்னதாயிட்டே வருதே.”

“எனக்கே பாடமா? கடைசி சான்ஸ், மாட்டுங்க. நான் கண்ணை மூடிக்கிறேன். என் மூஞ்சியப் பாத்து நீங்க கண்டுபிடிக்கக் கூடாது.”

பழைய ஜெல்லைத் துடைத்துவிட்டு, அவள் விலா எலும்புகளை விரலால் எண்ணினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. துணியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற விரல். மறுபடி தடவிப் பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு வந்தது. அப்புறம் மளமளவென்று எல்லாவற்றையும் மாட்டி, பொத்தானை அழுத்தினாள்.

காகிதம் சரசரவென்று ஓடி வரும்போதே, கையெழுத்துப் போட வேண்டிய டாக்டரம்மாவும் உள்ளே வந்தார்.

ஸ்கேல் சார் கண்ணைத் திறந்து காகிதத்தை வாங்கினார். ஸ்கேலை வைத்தார். அளந்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா? இதான் ஈசிஜி. இதை முதல்லயே ஒழுங்கா மாட்டியிருந்தா முடிஞ்சு போச்சு. அதை விட்டுட்டு என்கிட்ட வாதம் வேற. டாக்டர், அக்கா பாஸ்.”

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பாஸ்தான். ஆனா நீங்க ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.”

ஸ்கேல் சார் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கையில் மஞ்சள். இடது கையில் சிவப்பு. நெஞ்சில் வயர் மாட்டி ஒட்டியிருந்த ஆறு ரப்பர் பல்புகளும் வலது அக்குளை நோக்கி வரிசை கட்டி நின்றன.

“என்னக்கா இது, எல்லாத்தையும் தலைகீழா மாட்டியிருக்கீங்க?”

“ஆமா சார். உங்களுக்கு அப்படித்தான் மாட்டணும்.”

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை இடது பக்கம் வைத்து உதட்டைப் பிதுக்கினார். வலது பக்கம் வைத்துத் தலையாட்டினார். சிலருக்குப் பிறவியிலேயே இப்படி அமைந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றபடியே டெய்லரக்காவின் தாளில் கையெழுத்தைப் போட்டார்.

ஸ்கேல் சார் பல்புகளைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்து மருந்தகத்துக்குப் போட்டார்.

“ஏய், எனக்கு இதயம் இருக்குடி. மூணு வருஷமா நீதான் தப்பான பக்கம் காதை வச்சிருக்கே.”