வாவி ஸ்டார் கீப்பர்

பாண்டுக்காரர் அந்தப் பாட்டின் முதல் தாளத்தைத் தட்டியதுமே ஐறிஸ் கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மகள்ட கலியாணம், ஆர்னோல்ட். இண்டைக்கு மட்டும் எழும்பிப் போயிராதீங்க."

ஆர்னோல்ட் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். அவர் எழும்பப் போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

மண்டபத்தின் நடுவில், தகப்பனோடு ஆடவேண்டிய முதல் ஆட்டத்துக்காக லொறெய்ன் காத்து நின்றாள். வெள்ளைக் கவுணின் ஓரம் தரையில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

பாட்டுத் தொடங்கிவிட்டது.

*வாவி ஸ்டார் கீப்பர் அண்ணன் வானம் பார்த்து நின்றாராம்,*
*வந்த பந்து காலுக்குள்ள வழி கேட்டுப் போனதாம்.*

நாலு வருடத்துக்கு முன் கல்லடி இளைஞர்கள் சிலர் விளையாட்டாகப் பாடி யூடியூப்பில் போட்ட பைலாப் பாட்டு அது. இப்போது அது இல்லாமல் இந்தப் பக்கத்தில் கல்யாணமும் இல்லை, சுற்றுலா பஸ்ஸும் இல்லை. ஒரு கிண்ணமும் வென்றறியாத வாவி ஸ்டார் உதைபந்தாட்டக் கழகத்தின் பெயர் கொழும்பு வரை போய்விட்டது. கழகத்துக்காரர் குறைப்படவில்லை. அந்த இரண்டு வரியையும் புது ஜேர்சியின் முதுகிலேயே அச்சடித்துக்கொண்டார்கள்.

குறைப்பட்டவர் ஒருவர்தான். அந்தக் கீப்பர்.

பாட்டைக் கேட்கச் சகிக்காமல் ஆர்னோல்ட் ஒருநாள் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்று அடுத்த பஸ்ஸில் ஏறினால், அதிலும் அதே பாட்டு. வாழைச்சேனைத் துறைமுகத்தில், படகு எஞ்சின் திருத்துகிற அவர், அதைப் போன் மணியாக வைத்திருந்த ஒருவரின் எஞ்சினை இரண்டு நாள் தொடவேயில்லை.

அந்தக் கோல் எப்படிப் போனது என்று யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். வெயில் கண்ணில் அடித்தது.

"என்ன சம்பந்தி, இண்டைக்கும் வெயிலோ?"

எதிர் மேசையிலிருந்து கேட்டது மாப்பிள்ளையின் தகப்பன் இயன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாத இறுதியாட்டத்தில் அந்தக் கோலை அடித்தவரும் அவர்தான். எதிரணியின் ஒன்பதாம் நம்பர்.

அதோடு நிறுத்தாமல் இயன் சபைக்குக் கணக்கும் காட்டினார். அந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வாவி. பொழுது வாவிப் பக்கம்தான் சாயும். பின்னேர வெயில் கீப்பரின் முதுகில் அடிக்குமே தவிரக் கண்ணில் எப்படி அடிக்கும்?

மண்டபமே சிரித்தது. லொறெய்ன் மட்டும் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம். பைலாவில் யாரைச் சீண்டுகிறார்களோ, அவர் நடுவில் வந்து அதே மெட்டில் பதில் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் எழும்பிப் போகலாம். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டார் ஆடமாட்டார்கள்.

ஆர்னோல்ட் எழும்பினார்.

ஐறிஸின் கை தானாக விட்டுப்போனது. வாசல் வலப்பக்கம் இருந்தது. மகள் இடப்பக்கம் நின்றாள்.

அவர் இடப்பக்கம் நடந்தார். மைக்கை வாங்கி, எஞ்சினைத் தட்டிப் பார்ப்பதுபோல அதை இரண்டு தரம் தட்டினார்.

*வானமில்ல, வெயிலுமில்ல, வாவிக்கரை பார்த்தன் நான்,*
*நீலக் கவுண் நின்றிருந்தா நீங்க பந்தப் பாப்பீங்களா?*

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு அவர் பார்த்த திசையில் எல்லாத் தலைகளும் ஒன்றாக ஐறிஸின் பக்கம் திரும்பின.

மண்டபம் அதிர்ந்தது. லொறெய்ன் ஓடிவந்து தகப்பனைக் கட்டிக்கொண்டாள். மேசையில் ஓங்கித் தட்டியபடி இயன் எழுந்து, தன்னுடைய கோல் இல்லாவிட்டால் இந்தப் பெண்ணும் இல்லை, இந்தக் கல்யாணமும் இல்லை என்று உரிமை கொண்டாடினார்.

ஐறிஸுக்கு முகம் சுட்டது. இவ்வளவு காலமும் இந்த மனிதர் இதைத் தன்னிடம்கூடச் சொல்லவில்லையே.

அந்த நீலக் கவுணை ஒரு கிழமை இருந்து தைத்தவள் அவள்தான். வாவி ஸ்டார் கோலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து நின்றதும் காரணத்தோடுதான். இரண்டாம் பாதியில் ஒன்பதாம் நம்பர் அந்தப் பக்கமாகத்தான் ஓடிவருவான்.

இயன் ஓடித்தான் வந்தான். அடித்தான். கையைத் தூக்கிக்கொண்டு தன் கூட்டாளிகளிடம் திரும்பி ஓடினான். கவுண் இருந்த பக்கம் கண் போகவேயில்லை.

வலையில்லாத கம்பத்துக்குள்ளால் போன பந்து அவளை உரசிக்கொண்டு வாவிக்குள் விழுந்தது. கவுண் முழுக்கச் சேறு. பந்தெடுக்க இறங்கிய கீப்பர் நெஞ்சளவு நனைந்து கரையேறினான். விட்ட கோலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அவளிடம் கேட்டான்.

"பந்து பட்டுட்டா?"

அன்றைக்கு முழுவதும் அவளிடம் எதையாவது கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"இனி நீலக் கவுணும் ஓர் அடி பாடவேணும்" என்று பாண்டுக்காரர் மைக்கைக் கொண்டுவந்து ஐறிஸிடம் நீட்டினார். நடுவில் நின்று ஆர்னோல்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குப் பந்தை மறந்து பார்த்ததுபோலவே. பக்கத்தில் இயன் கைதட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பாட்டு வராது" என்றாள் ஐறிஸ், தேவாலயப் பாடகர் குழுவின் முன்வரிசையில் இருபது வருடமாகப் பாடுகிறவள். சொல்லிவிட்டு, கணவனோடும் மகளோடும் ஆட எழுந்தாள்.