கதவோரம் தொங்கிய பெல்ட்

"இது அப்பட்டமான திருட்டு!"

சாப்பாட்டு ஹாலே திரும்பிப் பார்த்தது. கத்தியவர் எங்கள் கணக்கு அதிகாரி. ஆபீசில் அவருக்கு 'ரூல்ஸ் சார்' என்று பெயர்.

ஊழியர்களின் கைவேலைக் கண்காட்சி அது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தோம். மேஜைமேல் ஒரு சாண் நீளத்தில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார் மாடல்கள். சிவப்பு, ரூல்ஸ் சாருடையது. மஞ்சள், ஆபீஸ் டிரைவருடையது.

"ஒட்டிச் செய்யற ஒரே கிட்டை வாங்கினதைத் தப்புன்னு சொல்லலை சார். கடையில யாரும் வாங்கலாம். ஆனா உள்ளே பாருங்க!"

மேனேஜர் குனிந்தார். நானும் குனிந்தேன்.

பெட்டியில் வரும் காரில் சீட் பெல்ட்டே கிடையாது. மாஸ்கிங் டேப்பை நூல் மாதிரி அறுத்து, செம்புக் கம்பியை வளைத்துப் பக்கிள் வைத்து, இரண்டு காரிலும் பெல்ட் செய்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. இரண்டிலுமே ஓட்டுபவர் பக்கத்து பெல்ட் சீட்டில் இல்லை. யாரோ இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி, திறந்த கதவோரம் தொங்கியது. ஸ்டியரிங்கில் கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் கறுப்புச் சாயம் தேய்ந்திருந்தது. அதுவும் இரண்டிலும்.

"ரெண்டு பேருக்கு ஒரே கனவா வரும்? போன மாசமே ஆபீஸ் குரூப்புல போட்டோ போட்டேன். அதைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிச்சிருக்கார்!"

"தினம் ஆபீஸ் முடிஞ்சு இங்கேயே உட்கார்ந்து செஞ்சார் எங்கப்பா" என்றாள் பக்கத்தில் நின்ற ரூல்ஸ் சாரின் மகள். ஏழாவது படிக்கிற பெண். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு ரத்தம் கொதித்தது. பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் உழைப்பைத் திருடுவதா?

"என்னப்பா சொல்றே?" என்றார் மேனேஜர், டிரைவரிடம்.

டிரைவர் சிவப்புக் காரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லை சார்."

திருட்டு முழி என்றுதான் நினைத்தேன்.

முதல் பரிசு சிவப்புக் காருக்கு. "காப்பி அடிச்சதால நீக்கம்னு எழுதி, அவர்கிட்ட கையெழுத்து வாங்கி ஃபைல்ல வெச்சிடும்மா" என்றார் மேனேஜர் என்னிடம்.

எழுதினேன். அவர் சொன்ன 'காப்பி'யை நானாகவே 'திருட்டு' என்று மாற்றினேன். அடுத்த வாரம் டிரைவரின் வேலையை நிரந்தரமாக்கும் பட்டியல் மேலே போகிறது. ஆறு வருஷக் காண்ட்ராக்ட். இந்தத் தாள் ஃபைலில் இருந்தால் அவர் பெயர் பட்டியலில் இருக்காது. இருக்கவும் கூடாது என்று அந்த ஆத்திரத்தில் நினைத்தேன்.

தாளையும் மஞ்சள் காரையும் எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனேன்.

"கையெழுத்துப் போடுங்க."

நிதானமாகப் படித்தார். "திருட்டுன்னு எழுதணுமாம்மா?"

"பின்னே? குரூப்புல வந்த போட்டோவைப் பார்த்து அப்படியே செஞ்சா அதுக்கு வேற என்ன பேரு?"

"எந்த குரூப்பு?"

"ஆபீஸ் குரூப்தான்!"

"என்னைத்தான் அதுல சேர்க்கவே இல்லையேம்மா."

அந்த குரூப்பைப் பார்த்துக்கொள்வது நான்தான். காண்ட்ராக்ட் ஆட்கள் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டேன்.

"அப்போ... ரெண்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கு?"

அவர் சட்டை நுனியால் மஞ்சள் காரின் கூரையைத் துடைத்தார்.

"சார் கார்ல பின் கண்ணாடி ஓரமா மங்கி இருக்கே, கவனிச்சீங்களா?"

"ஆமா. பனி விழுந்த மாதிரி வேணும்னே செஞ்சாராம். அதுக்குத் தனியா அஞ்சு மார்க் போட்டோம்."

டிரைவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"பனியா! சூப்பர் குளூ புகைம்மா அது. ஒட்டினது காயறதுக்குள்ள அவசரப்பட்டு மேல்மூடியைப் போட்டுட்டா, உள்ளே ஆவி சுத்திக் கண்ணாடியில படிஞ்சிடும். என்ன துடைச்சாலும் போகாது. அதான் குறை இருக்குன்னு சொல்லியே விக்கச் சொல்லி, கிட் வாங்கின கடைக்காரர்கிட்டயே கொடுத்தேன். யார் வாங்கினாங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அந்தக் காரும்... நீங்க செஞ்சதா?"

"ஒரு நாளைக்கு இருபது தடவை வண்டியை விட்டு இறங்கறவன்ம்மா நான். எனக்குத் தெரிஞ்ச மாதிரிதானே பெல்ட்டைத் தொங்க விடுவேன்?"

"அண்ணே, அங்கேயே சொல்ல வேண்டியதுதானே! வாயில என்ன வெச்சிருந்தீங்க? அந்த ஆள் எல்லார் முன்னாலயும் உங்களைத் திருடன்னு சொல்றார், நீங்க மரம் மாதிரி நிக்கறீங்க! நான்... நான் உங்க வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்!"

தாளை நாலாகக் கிழித்தேன். என்மேல் வந்த கோபமா, ரூல்ஸ் சார்மேல் வந்த கோபமா, தெரியவில்லை.

"வாங்க. இப்பவே மேனேஜர்கிட்ட போய் உடைச்சுச் சொல்லிடறேன். அந்த ஹால்லயே வெச்சு அவர் மானத்தை வாங்கினாத்தான் எனக்கு ஆறும்!"

விறுவிறுவென்று திரும்பி நடந்தேன்.

"சொல்லுங்கம்மா, வேண்டாம்னு சொல்லலை" என்றார் டிரைவர் பின்னாலிருந்து. "அந்தப் பொண்ணு மட்டும் வீட்டுக்குப் போயிடட்டும்."